பதினோராவது கேள்வி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீளக்கை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆள் உயரமென்று சொல்ல முடியாது, கை மட்டும் முழங்காலைத் தொட்டுவிடுகிற மாதிரி தொங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கையை வெச்சுக்கிட்டு வேற எங்க போவ, மடிப்புக்குப் போ" என்றார். போனவன்தான். பதின்மூன்று வருஷமாக அதே மேஜை.

மடிப்பு என்றால் கட்டில் விரிப்புகளை மடிப்பது. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் மலைபோல வந்து விழும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனை. ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் கையை ஒன்று சேர்த்து, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை வைக்க வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் விரிப்பு கோணிக்கொள்ளும்.

நீளக்கைக்கு எதிரே நிற்பவளை அவன் எதிர்முனை அக்கா என்பான். அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். பதின்மூன்று வருஷம் சேர்ந்து மடித்ததில் யாருடைய கை எப்போது மேலே போகிறது, யார் முதலில் அடி எடுத்து வைக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாமல் போய்விட்டது. மேற்பார்வையாளர் வந்து மத்தியானம் வரைக்கும் எத்தனை என்று கேட்பார். "நான் இருநூறு முடிச்சிட்டேன் சார்" என்பான் நீளக்கை.

"ஏன்டா, நீ இருநூறு மடிச்சப்ப நான் என்ன, இந்தப் பக்கம் ஆணியா நின்னேன்?"

"உங்களையும் சேர்த்துத்தான்க்கா நான்னு சொன்னேன்."

"அப்படின்னா என் முதுகுவலியையும் உன்னோட சேர்த்து எடுத்துக்கோ."

தினமும் இதே சண்டைதான். இருவருக்கும் அலுத்ததில்லை.

வீட்டில் அவனுக்கு ஒரே பெண். ஒன்பது வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். ஒரு வயதாகியும் தலை நிற்கவில்லை என்று தூக்கிக்கொண்டு போனபோது, டாக்டர் மூளை முடக்குவாதம் என்றார். உடம்பை ஏவுகிற இடத்தில் மூளைக்கு அடிபட்டிருக்கிறது, இது முழுசாகப் போகாது, ஆனால் பழக்கினால் பழகும் என்றார். கணவனும் மனைவியும் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். மனைவி மூன்று வருஷம் பழக்கினாள். அப்புறம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு பழக்குவது அவன் வேலையாயிற்று.

பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் அவற்றை மெல்ல விலக்கி நீவிவிட வேண்டும். இடது கை எப்போதும் மூடியே இருக்கும். வலது கை திறக்கும், ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போகாது. பேச்சும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லும் நாலு மாடி ஏறி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வரும். வந்துகொண்டே இருக்கும், நிற்காது. எதிர்வீட்டு நாய் ஏன் நொண்டுகிறது, அப்பாவின் சட்டையில் ஏன் மருந்து வாடை, நேற்று சொன்ன கதையில் திருடன் ஏன் செருப்பை விட்டுவிட்டுப் போனான். அதனால்தான் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தான். கூப்பிட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் உடம்பு முழுவதும் விறைத்துக்கொள்ளும், அவன் பிடித்துக்கொள்வான்.

அவள் பேசுவது மூன்று பேருக்குத்தான் நன்றாகப் புரியும். ஒன்று அப்பாவுக்கு. இரண்டாவது, பள்ளியில் பக்கத்தில் உட்காரும் ஒரு பெண்ணுக்கு. மூன்றாவது, நலத்துறை அனுப்பிவைத்த உதவியாளருக்கு. வாயாடி அவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். சித்தி காலை ஏழரைக்கு வருவாள். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போவாள், பக்கத்திலேயே உட்கார்ந்து பக்கம் புரட்டுவாள், கழிப்பறைக்குத் தூக்கிப் போவாள், பிள்ளை சொல்லும் விடையை ஆசிரியருக்குத் திருப்பிச் சொல்வாள். சாயங்காலம் நீளக்கை வேலை முடித்து வரும்வரை வீட்டில் இருப்பாள். பள்ளியில் சேர்க்கும்போதே தலைமையாசிரியை சொல்லிவிட்டார்: உதவிக்கு ஆள் இருந்தால் பிள்ளை வரலாம், இல்லாவிட்டால் எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது. வந்த பிள்ளை கணக்கில் வகுப்பில் இரண்டாவது. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அழுவாள்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நலத்துறை மறுபரிசீலனை செய்யும். இந்தமுறை வீட்டுக்கே ஒரு பெண் அதிகாரி வந்தாள். சின்ன வயசு, வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்காது. நீளக்கை காலையிலேயே தரையைத் துடைத்து, வாயாடிக்கு நல்ல கவுன் போட்டு, தலை வாரி, வீல்சேரில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தான். வாயாடியும் விருந்தாளி வந்த சந்தோஷத்தில் அன்றைக்குப் பார்த்துக் கழுத்தை ஆடாமல் வைத்திருந்தாள்.

அவள் கையோடு கொண்டுவந்த மதிப்பீட்டுப் பாரத்தில் இருபது கேள்விகள்.

"தானா உக்காருவாளா?"

"உக்காருவா மேடம். பாக்குறீங்கல்ல."

"தானா சாப்பிடுவாளா?"

"ஓ, சாப்பிடுவாளே. கரண்டிய அவதான் பிடிப்பா."

"தானா தண்ணி குடிப்பாளா?"

"அதெல்லாம் பழகிட்டா."

பதினோராவது கேள்வி, தனக்கு வேண்டியதைப் பிறருக்குப் புரிய வைப்பாளா என்பது. "அதுக்குத்தான் மேடம் பேரே வாயாடி" என்றான். அதிகாரி சிரித்துவிட்டாள். போகும்போது வாயாடியின் கன்னத்தைத் தட்டி, "தனியாளா நல்லா வளர்த்திருக்கீங்க" என்றாள்.

மனைவி போன இந்த ஐந்து வருஷத்தில் அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. மறுநாள் சலவைக்கூடத்தில் அதைப் பத்துத்தடவை சொல்லியிருப்பான். "சரிடா, காதுல ரத்தம் வருது, விரிப்பைப் பிடி" என்றாள் எதிர்முனை அக்கா.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பிள்ளையின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படுவதால் உதவியாளர் சேவை அடுத்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது. நீளக்கை அதை மூன்று தடவை படித்தான். முன்னேற்றம் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. மூன்றாவது தடவைதான், சித்தி இனி வரமாட்டாள் என்பது புரிந்தது.

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நலத்துறை அலுவலகத்துக்கு ஓடினான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கோப்பைத் தேடி எடுத்து, பாரத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். இருபதில் பதினாறு கேள்விகளுக்கு ஆம் என்று இருந்தது. எல்லாம் அவன் வாயால் சொன்னது.

"தப்பா ஒண்ணும் எழுதலையே சார்" என்றான் நீளக்கை. "தானாத்தான் சாப்பிடுவா. முழங்கைக்கு அடியில நான் உள்ளங்கைய வெச்சுக்குவேன், அவ தானா சாப்பிடுவா."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கைய எடுத்துட்டா?"

நீளக்கை யோசித்தான். உண்மையில் அவன் அதை யோசித்ததே இல்லை. முழங்கைக்கு அடியில் அந்தக் கை எத்தனையோ வருஷமாக இருக்கிறது. அது தன்னுடைய கை என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. உட்காருவாள் என்றானே, வீல்சேரில் இடுப்புப் பட்டையைக் காலையில் இறுக்கிக் கட்டுவது யார். தண்ணீர் குடிப்பாள் என்றானே, டம்ளரின் அடியைத் தாங்குவது யார்.

"இந்தப் பாரம் உங்க வீட்டைப் பத்திக் கேக்கலைங்க" என்றார் குமாஸ்தா. அதட்டவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. "நீங்க இல்லாத ஒரு வீட்ல அந்தப் பிள்ளை எப்படி இருக்கும்னு கேக்குது."

அப்படி ஒரு வீட்டை நீளக்கை நினைத்துப் பார்த்ததில்லை.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார் குமாஸ்தா. மூன்று பேர் குழு மறுபடி கேள்வி கேட்கும். இருபதில் பதினைந்துக்காவது முடியாது என்று வந்தால்தான் முழுநேர உதவியாளர். பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வர வேண்டும்.

"அவ இல்லாம நான் மட்டும் வந்து சொல்லக்கூடாதா சார்? அவளுக்கு எல்லாம் புரியும்."

"பிள்ளையப் பாக்காம எப்படிங்க முடிவு பண்ணுவாங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். வாயாடி தூங்கும் நேரமாகப் பார்த்து இருவரும் பாரத்தின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கையை எடுத்துவிட்டு, பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தார்கள். சட்டை போடுவாளா, முடியாது. புரண்டு படுப்பாளா, முடியாது. எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும் பதினாலு வந்தது. பதினோராவது கேள்வி மட்டும் நடுவில் நின்றது.

"இதுக்கு என்ன சொல்றது?" என்றான் நீளக்கை.

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "கேக்குறவங்களுக்குப் பொறுமை இருந்தா புரியும். இல்லாட்டி புரியாது. அது அவளப் பொறுத்த விஷயமே இல்லண்ணே."

"பாரத்துல அப்படி எழுத இடம் இல்லையே."

"இல்ல" என்றாள் சித்தி.

திங்கட்கிழமை எதிர்முனை அக்காவிடம் சொன்னான். அவள் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. மடித்த விரிப்பை அடுக்கிக்கொண்டே, "உன் பெருமையை எல்லாம் இந்த அலமாரிலயே மடிச்சு வெச்சுட்டுப் போ. அங்க போய் முடியாது, முடியாது, முடியாதுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத" என்றாள்.

"அவ முன்னாடியாக்கா?"

"பிள்ளை ஸ்கூலுக்குப் போகணுமா வேண்டாமா?"

நீளக்கை அடுத்த விரிப்பின் முனைகளை எடுத்தான்.

குழுவுக்குப் போகிற அன்று காலையில் கால்களை நீவிவிட்டுக்கொண்டே வாயாடியிடம் சொன்னான். "அப்பா இன்னைக்கு அங்க உன்னைப் பத்திக் கொஞ்சம் ஒரு மாதிரியா சொல்லுவேன். நீ காதுல போட்டுக்கக்கூடாது."

"பொய்... சொல்... வியா?"

"பொய் இல்லடா. என் கைய எடுத்துட்டுப் பாத்தா எப்படியோ, அதை சொல்லுவேன். சொன்னாத்தான் சித்தி வருவாங்க. சித்தி வந்தாத்தான் ஸ்கூலு."

வாயாடி யோசித்தாள். "ச... ரி" என்றாள்.

குழு உட்கார்ந்திருந்த அறையில் நீள மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். நடுவில் இருந்தவர் டாக்டரம்மா. தலை நரைத்திருந்தது, குரல் மென்மையாக இருந்தது. அவர் கடுமையான ஆளாக இருந்திருந்தால் நீளக்கைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பழக்கத்தில் அவை தாமாக எங்கேயாவது போய்விடும் என்று பயம்.

"ஆதரவு இல்லாம உக்காருவாளா?"

"முடியாது மேடம்."

"தானா சாப்பிடுவாளா?"

"முடியாது."

"கழிப்பறைக்கு?"

"முடியாது."

முதல் மூன்றுக்கு வாயாடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவதுக்குத் தரையைப் பார்த்தாள். ஏழாவதுக்கு அவள் கால்கள் விறைத்து, வீல்சேரின் மிதிகட்டையில் டக் டக்கென்று மோத ஆரம்பித்தன. குழுவில் இருந்த ஒருவர் அதை எட்டிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். நீளக்கை அந்தச் சத்தத்தைக் கேட்காத மாதிரி மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு முடியாதையும் சொல்லும்போது, அதைப் பழக்கிய நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது. கரண்டி பிடிக்க ஏழு மாதம். டம்ளருக்கு ஒரு வருஷத்துக்கு மேல்.

"தனக்கு என்ன வேணுங்கறத மத்தவங்களுக்குப் புரிய வைக்க அவளால முடியுமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பதினோராவது. இதில் ஆம் என்றால் பதினாலோடு நின்றுவிடும்.

"முடியாது" என்றான் நீளக்கை.

டக் டக் நின்றது. வாயாடி தலையைத் தூக்கினாள். தூக்கின தலை ஒரு பக்கமாக இழுத்தது, அதை நேராக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்து காத்திருந்தார். மற்ற இருவரும் காத்திருந்தார்கள். முதல் சொல் வரவே நேரமாயிற்று.

"பொ... ய்! நா... னே... சொல்... வேன்."

நீளக்கைக்குத் தெளிவாகக் கேட்டது. மற்ற மூவருக்கும் அது வெறும் சத்தம். மூன்று முகங்களும் அவன் பக்கம் திரும்பின.

"என்ன சொல்றா?" என்றார் டாக்டரம்மா.

வாயாடியும் அவனைத்தான் பார்த்தாள். அப்பா எடுத்துச் சொல்வான் என்ற நம்பிக்கையில் வாயைக்கூட மூடாமல் காத்திருந்தாள்.

"தண்ணி கேக்குறா மேடம்" என்றான் நீளக்கை.

உடனே ஒருவர் எழுந்து போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மேஜையில் அவள் முன்னால் வைத்தார். நீளக்கையின் கை தொடைக்கு அடியிலிருந்து கிளம்பியது. "நீங்க தொடாதீங்க. எப்படிக் குடிக்கிறான்னு பாக்கலாம்" என்றார் அவர். கை நின்றது.

வாயாடி டம்ளரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் வலது கையைத் தூக்கினாள். டம்ளர் சாய்ந்து, தண்ணீர் கோப்பின்மேல் பரவி, அவள் மடியில் கொட்டியது. அவள் குடிக்கப் போனாளா, தள்ளிவிடப் போனாளா என்று, ஒன்பது வருஷமாக அவளைக் கையில் வைத்திருந்தவனுக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து தன் கைக்குட்டையால் பிள்ளையின் கவுனைத் துடைத்தார். "போதும்" என்று மற்றவர்களிடம் சொன்னார். மீதிக் கேள்விகளை அவசர அவசரமாக முடித்தார்கள். முழுநேர உதவியாளர், இடைவெளி இல்லாமல், அடுத்த மூன்று வருஷத்துக்கு. நீளக்கை கையெழுத்துப் போட்டான். "இனிமேலாவது இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க. ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா பிள்ளைய இவ்வளவு அலைக்கழிச்சிருக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

"சரிங்க மேடம்" என்றான்.

அலுவலகத்துக்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். வீல்சேரை நிழலில் நிறுத்திவிட்டு, பையிலிருந்து துண்டை எடுத்து அவள் மடியில் விரித்தான். வேலைக்குத் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவளைச் சித்தியிடம் விட்டுவிட்டு ஓடினால் சரியாக இருக்கும்.

"சித்தி எங்கயும் போக மாட்டாங்க" என்றான். "நாளைக்கும் ஸ்கூல் உண்டு. நாம ஜெயிச்சிட்டோம்."

நிறுத்தத்தில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு பஸ் வந்து போயிற்று, அவர்களுடையது இல்லை. அதற்கப்புறம்தான் வாயாடி பேசினாள்.

"திரும்... பப்... போ."

"எங்க?"

"உள்... ள. சொல்... லு."

அவன் வீல்சேரின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "கேளுடா. பதினஞ்சு வேணும். அது ஒண்ணை நான் சரியா சொல்லியிருந்தா பதினாலுதான் வந்திருக்கும். பதினாலு வந்தா சித்தி இல்ல."

கணக்கு அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது முகத்திலேயே தெரிந்தது. எதிர்க் கட்டடத்தையே பார்த்தாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று அவன் எழுந்தான்.

"சொல்... லு" என்றாள் மறுபடி.

பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "பாப்பா என்னமோ கேக்குதே, என்னங்க?"

இந்த அம்மாளிடம் பாரம் இல்லை, பேனா இல்லை. "தனக்கு வேணுங்கறதைத் தானே சொல்ல முடியுங்கறா" என்றான். "நிஜந்தாங்க. எல்லாம் சொல்லுவா. நாள் முழுக்க நிறுத்தாம சொல்லுவா. நல்லா புரியும்." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாயாடி தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். அவனை விட்டுவிட்டு அந்த அம்மாள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினாள். அம்மாளுக்குப் புரியவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லும்மா" என்று காதைக் கொண்டுபோனாள். வாயாடி இன்னொரு தடவை சொன்னாள். இன்னும் புரியவில்லை. அவர்கள் பஸ் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அம்மாள் அசையவில்லை. வாயாடி மூச்சை இழுத்துப் பிடித்து மூன்றாவது தடவை சொன்னாள்.

"இங்க இல்ல, அங்கங்கறா" என்றாள் அம்மாள் நிமிர்ந்து. முகத்தில் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. "இங்க சொல்லாத, அங்க சொல்லுங்கறா. சரிதானே பாப்பா? அங்கன்னா எங்கங்க?"

நீளக்கை வீல்சேரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.